கண்ணம்மா, குழாயைத் திறந்துவிட்டு அழாதே

கண்ணம்மா,

நேற்று போனில் பேசிக்கொண்டிருக்கும்போதே "ஒரு நிமிஷம்மா" என்று போய்விட்டாய், அப்புறம் குழாயில் தண்ணீர் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. திரும்பி வந்து பழையபடி "தைரியமா இரும்மா, பாசிட்டிவா நினைம்மா" என்றாய். அழுதுவிட்டுத்தான் வந்தாய் என்று எனக்குத் தெரியாதா?

போன வாரம் புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கு ரத்தப் பரிசோதனைக்குப் போனபோது நர்ஸ் ஒரு தாள் கொடுத்தார். தெர்மாமீட்டர் படம், 0 முதல் 10 வரை எண்கள், இந்த ஒரு வாரத்தில் மனசு எவ்வளவு கஷ்டப்பட்டது என்று வட்டம் போட வேண்டும். அப்பா பக்கத்தில் இருந்ததால் 2-இல் போட்டேன். அவர் தண்ணீர் பிடிக்க எழுந்து போனதும் அதை அடித்துவிட்டு 7-இல் போட்டேன். 4-ம் அதற்கு மேலும் என்றால் மனநல ஆலோசகரிடம் அனுப்புவார்களாம், அனுப்பினார்கள். அந்த அம்மாவிடம் நான் முதலில் கேட்டதே, அழுதால் பயந்தால் கட்டி வளர்ந்துவிடுமா என்றுதான், நீ அனுப்புகிற வீடியோ எல்லாம் அப்படித்தானே சொல்கிறது. அதற்கு உறுதியான ஆதாரம் இல்லை என்றார். மனசு துவண்டால் தூக்கம் போகும், பசி போகும், சிகிச்சையே வேண்டாம் என்று வெறுப்பு வரும், அதனால்தான் கவனிக்கிறோம், மற்றபடி நோய் வந்ததற்கு உங்கள் மனசைக் குற்றம் சொல்லாதீர்கள் என்றார். அன்றைக்குத்தான் கொஞ்சம் நிம்மதியாகத் தூங்கினேன்.

நீ தைரியமாக இரு என்றால் நான் "சரி" என்பேன், அதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. எப்படி இருக்கு என்று கேட்டுவிட்டுக் கொஞ்சம் சும்மா இரு, எனக்குப் பதில் வர நேரமாகிறது. முன்பெல்லாம் உன் மேனேஜரைப் பற்றி அரை மணி நேரம் புலம்புவாய், இப்போது என் மனசு கஷ்டப்படும் என்று எதுவுமே சொல்வதில்லை. சொல்லு. அதைக் கேட்கிற நேரத்தில் எனக்கு நோய் ஞாபகமே வராது.

அப்பாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். முடி கொட்ட ஆரம்பித்ததிலிருந்து, நான் எழுவதற்கு முன்னால் தலையணையில் டேப்பை ஒட்டி ஒட்டி எடுத்துவிடுகிறார். நான் தூங்குகிற மாதிரியே படுத்திருக்கிறேன். கீமோவுக்கு அப்புறம் கிருமியை எதிர்க்கிற வெள்ளை அணுக்கள் குறைந்துவிடும், காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால் ராத்திரியானாலும் உடனே கிளம்பி வாருங்கள் என்று டாக்டர் சொன்னார் இல்லையா, அன்றிலிருந்து ராத்திரியில் இரண்டு தடவை எழுந்து என் நெற்றியைத் தொட்டுப் பார்க்கிறார். போன் செய்கிறவர்கள் எல்லாரும் என்னைத்தான் விசாரிக்கிறார்கள், அவரை ஒருத்தரும் கேட்பதில்லை. நீ அவருக்குத் தனியாகப் போன் செய். "எனக்கென்னம்மா" என்பார், அதோடு விட்டுவிடாதே.

வியாழக்கிழமை இரண்டாவது கீமோ. போன தடவை மூன்றாம் நாள்தான் ரொம்ப மோசம், எவ்வளவு தூங்கினாலும் போகாத அசதி. சனிக்கிழமை என்னால் பேச முடியாவிட்டாலும் போனைக் காதில் வைத்துக்கொண்டு படுத்திருப்பேன், நீ பாட்டுக்கு ஏதாவது பேசிக்கொண்டிரு. அழுகை வந்தால் எழுந்து ஓடாதே, அங்கேயே அழு, நான் கேட்டுக்கொண்டிருப்பேன்.

அம்மா