2030 குறிஞ்சிக்கு இப்பவே கேமரா வைக்கணும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் நீங்க போட்ட கொடைக்கானல் மேகம் போட்டோவ பார்த்ததுலருந்து இத எழுதணும்னு இருந்தேன். லீவு கிடைக்கிறப்பலாம் மலைக்கு போய் டைம்லாப்ஸ், அதாவது மெதுவா நடக்கிறத வேகமா ஓட்டி காட்டுற வீடியோ, எடுக்கிறவன் நான். கேமராவ டிரைபாட்ல அசையாம வச்சு அஞ்சு செகண்டுக்கு ஒரு போட்டோ எடுத்து, அப்புறம் செகண்டுக்கு 25 போட்டோன்னு ஓட்டணும், பத்து செகண்ட் வீடியோவுக்கு 250 போட்டோ வேணும், இருபது நிமிஷத்துக்கு மேல குளிர்ல அங்கயே நிக்கணும். கொடைக்கானல்ல பள்ளத்தாக்கு ஓரமா போற கோக்கர்ஸ் வாக் பாதையில நின்னு பார்த்தா பள்ளத்தாக்குல மேகம் சும்மா கெடக்குற மாதிரி இருக்கும், ஓட்டி பார்த்தா அடுப்புல வச்ச பாலு மாதிரி பொங்கி மேல ஏறும். மொத தடவ எல்லாத்தையும் ஆட்டோல விட்டுட்டேன், மேகம் வெயில மறைக்கிறப்பலாம் கேமரா தானா வெளிச்சத்த கூட்டி கொறச்சு, வீட்ல வந்து பார்த்தா கெட்டுப்போன டியூப்லைட் மாதிரி மினுக்கு மினுக்குங்குது. அன்னைலருந்து போகஸ், எக்ஸ்போஷர் (வெளிச்ச அளவு), ஒயிட் பேலன்ஸ் (கலர் சரி பண்றது) எல்லாமே மேனுவல்தான், நானே கையால வச்சிடுவேன்.

நான் சொல்ல வந்தது நீலக்குறிஞ்சி விஷயம். 1994, 2006, 2018னு 12 வருஷத்துக்கு ஒருக்கா பூக்குது, அடுத்தது 2030. 2018 ஆகஸ்ட்ல வந்த வெள்ளத்துல மூணாறு ரோடே துண்டிச்சு போச்சு, அதனால நான் செப்டம்பர்ல கொடைக்கானல் பக்கமா போனேன். போறப்பவே ஒரு சரிவு முழுக்க நீலமா நிக்குது. அது பச்சையிலருந்து எப்ப மாறுச்சு, எந்த பக்கம் மொதல்ல பூத்துச்சு, எதையும் நான் பார்க்கல. பூத்து முடிஞ்சதும் செடி மொத்தமா காஞ்சு செத்துடும், விதை விழுந்து புதுசா மொளச்சுதான் திரும்ப 12 வருஷம் வளரும், அதையும் பார்க்கல. நாலு போட்டோவோட திரும்பி வந்தேன், அது இன்னைக்கும் மனச உறுத்துது. இதுல பக்கத்துல நின்னவங்க கொத்து கொத்தா பறிச்சு கையில வச்சு போட்டோ எடுத்தாங்க, அந்த பூ விதையாகாம போனா அந்த எடத்துல அடுத்த தடவ என்ன பூக்கும்?

2007ல ஜேம்ஸ் பேலாக்குன்னு ஒரு போட்டோகிராபர் கிரீன்லாந்து, ஐஸ்லாந்து, அலாஸ்கான்னு பனிப்பாறைகளுக்கு எதிர்ல சோலார் பேனல் மாட்டுன கேமராவ நட்டு வச்சு வருஷக்கணக்கா எடுத்தாரு, பனி பின்வாங்குறத உலகமே கண்ணால பார்த்துச்சு. அந்த பனியிலயே முடிஞ்சிருக்கு, நம்ம மலையில முடியாதா? நம்ம வனத்துறையும் கேரள வனத்துறையும் சேர்ந்து ஆளுங்க மிதிக்காத நாலஞ்சு சரிவுல, காட்டுமாடு முட்டி சாய்க்காத மாதிரி கம்பம் நட்டு கேமரா வச்சா போதும். தினமும் மத்தியானம் 12 மணிக்கு ஒண்ணுன்னு எடுத்தா வருஷத்துக்கு 365 போட்டோ, ஓட்டுனா பதினஞ்சு செகண்டு கூட வராது. பூ சீசன்ல மட்டும் மணிக்கு ஒண்ணுன்னு மாத்திக்கலாம். மூடுபனி நாள்ல ஒண்ணும் தெரியாது, மழைக்காலத்துல பேட்டரிக்கு வெயில் பத்தாது, அதனால பெரிய பேட்டரியா போட்டு மாசத்துக்கு ரெண்டு தடவ ஒருத்தர் போய் லென்ஸ தொடச்சு கார்ட மாத்தணும், அந்த வேலைய மலையில இருக்குற பளியர், முதுவர் பழங்குடி இளைஞர்களுக்கே சம்பளத்தோட குடுக்கலாம், சரிவு அவங்களுக்கு தெரிஞ்ச மாதிரி வேற யாருக்கும் தெரியாது.

இத 2030ல ஆரம்பிச்சா பூ மட்டும்தான் கிடைக்கும். இப்பவே வச்சாதான் செடி வளர்றதும், புல்வெளிக்குள்ள வாட்டில்ங்கிற வெளிநாட்டு மரம் ஏறி வந்து குறிஞ்சிக்கு எடம் இல்லாம பண்றதும் சேர்ந்து பதிவாகும். ரெண்டு வனத்துறையும் இத கவனிக்கிற மாதிரி உங்க பேப்பர்ல ஒரு தடவ எழுதுங்க சார்.

இப்படிக்கு,
உங்கள் வாசகர்,
வத்தலக்குண்டு