அண்ணனுக்கும், எனக்குத் தெரியாத இரட்டையர்களுக்கும்

அண்ணா,

முதல் நன்றி உனக்குத்தான். மற்றவர்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். 49 வயதில் உனக்குப் பெருங்குடல் புற்றுநோய் என்று தெரிந்த அதே வாரத்தில் எங்கள் மூவரையும் தொலைபேசியில் அழைத்தாய். மலத்தில் ரத்தம் போனதில் தொடங்கி, மூன்று மாதம் அதை மூலம் என்று நினைத்து மறைத்தது வரை ஒன்று விடாமல் சொன்னாய். நம் வீட்டில் அந்தச் சொற்களை யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. பெரியப்பா 'வயிற்றுக் கோளாறில்' போய்விட்டார் என்றுதான் நமக்குத் தெரியும். என்ன கோளாறு என்று கேட்க இப்போது யாரும் மிஞ்சவில்லை.

நீ பேசியதால் நான் 43 வயதில் கொலோனோஸ்கோப்பி, அதாவது குழாய்க் கேமராவால் பெருங்குடலைப் பார்க்கும் பரிசோதனை, செய்துகொண்டேன். 8 மில்லிமீட்டர் அளவில் ஓர் அடினோமா இருந்தது; பின்னாளில் புற்றாக மாறக்கூடிய பாலிப், அதாவது குடற்சுவரில் முளைக்கும் சிறு கட்டி. பரிசோதனை நடக்கும்போதே அதை எடுத்துவிட்டார்கள். அப்படிப்பட்ட பாலிப்களில் பெரும்பாலானவை புற்றாக மாறுவதில்லை, மாறுபவற்றுக்கும் பொதுவாகப் பத்தாண்டு அளவில் பிடிக்கும் என்றார் மருத்துவர். எனக்கு வாய்த்த அந்த அவகாசம் உனக்கு வாய்க்கவில்லை. இதை எழுதும்போது கை நிற்கிறது. மேலே போகிறேன்.

முந்தைய இரவு குடலைக் கழுவும் மருந்தைக் குடித்துவிட்டுக் கழிவறையிலேயே குடியிருந்தவளுக்கு, மறுநாள் காலையில் ஒரு செவிலியர் போர்வையைக் கொண்டுவந்து போர்த்தினார். "வெட்கமாக இருக்கிறதா? இந்த அறையில் எல்லோரும் ஒரே காரியத்துக்குத்தான் வந்திருக்கிறார்கள்" என்றார். அந்த ஒரு வரிக்காக அவரை நான் மறக்க மாட்டேன்.

அடுத்த நன்றி மரபணு ஆலோசகருக்கு. இதைக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் என் முட்டாள்தனமும் சேர்ந்திருக்கிறது. உன் செய்தி கேட்ட பதற்றத்தில், எச்சிலைக் குப்பியில் துப்பி அனுப்பினால் 'மரபணுவுக்கேற்ற உணவுத் திட்டம்' தரும் ஒரு நிறுவனத்துக்குப் பணம் கட்டினேன். இருபது பக்கம் வந்தது. அதன்படி நான் 'வேக அசிட்டைலாக்கி', அதாவது உள்ளே வரும் சில வேதிப்பொருள்களை வேகமாக மாற்றும் உடல்வாகு, ஆகவே இறைச்சியைத் தொடவே கூடாது. என் எம்டிஎச்எஃப்ஆர் மரபணு பழுது, ஆகவே ஃபோலிக் அமில மாத்திரை (ஃபோலேட் என்ற பி வைட்டமினின் மாத்திரை வடிவம்) தினமும் வேண்டும். மாத்திரையை அவர்களே விற்றார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அந்த இருபது பக்கத்தை ஆலோசகர் முன் வைத்தபோது அவர் சிரிக்கவில்லை. "இதில் எழுதியிருப்பது எல்லாமே பொய்யில்லை. அதுதான் சிக்கல்" என்றார். ஆலோசகர் ஐயா, பிறகு ஒரு மணி நேரம் என்னிடம் பேசினீர்கள். உங்களுக்காக வெளியே எத்தனை பேர் காத்திருந்தார்கள் என்று போகும்போதுதான் பார்த்தேன்.

நீங்கள் சொன்னதை நான் புரிந்துகொண்டபடி எழுதுகிறேன். இறைச்சியையோ மீனையோ கடும் சூட்டில் கருக வறுக்கும்போதும் சுடும்போதும், தசையில் இருக்கும் கிரியேட்டினும் அமினோ அமிலங்களும் சேர்ந்து ஹெட்டரோசைக்ளிக் அமின்கள் என்ற, புற்றைத் தூண்டக்கூடிய வேதிப்பொருள்கள் உண்டாகின்றன. 1970களில் ஜப்பானில் தகாஷி சுகிமுராவும் உடன் இருந்தவர்களும் சுட்ட மீனின் புகையிலும் கருகலிலும் தேடத் தொடங்கித்தான் இவை அகப்பட்டன. இவை உள்ளே போனதும் தாமாகத் தீங்கு செய்துவிடுவதில்லை. கல்லீரலில் சிஒய்பி1ஏ2 என்ற நொதி முதலில் கை வைக்கிறது, அடுத்து என்ஏடி2 என்ற நொதி ஓர் அசிட்டைல் தொகுதியை ஏற்றுகிறது. அதன் பிறகுதான் அது டிஎன்ஏவில் ஒட்டிக்கொள்ளும் பொருளாகிறது. விஷத்தை வெளியேற்ற வந்த காவலாளியே அதன் கையில் கத்தியைக் கொடுத்து அனுப்புவது போல. இந்த என்ஏடி2 சிலருக்கு வேகமாகவும் (அவர்கள்தான் 'வேக அசிட்டைலாக்கிகள்') சிலருக்கு மெதுவாகவும் வேலை செய்யும். அது பெற்றோரிடமிருந்து வருவது.

இந்த வேறுபாடு முதலில் தெரிந்தது புற்றுநோயில் இல்லை, காசநோயில். 1950களில் ஐசோநியாசிட் மாத்திரை கொடுத்தபோது, ஒரே அளவு மருந்து சிலர் ரத்தத்தில் சீக்கிரம் தீர்ந்தது, சிலருக்கு நெடுநேரம் தங்கியது. தங்கியவர்களில் சிலருக்குக் கை கால் நரம்புகள் மரத்தன. அந்த நோயாளிகளுக்கும் இந்த மடலில் ஒரு நன்றி சேரட்டும்.

அப்படியானால் வேக அசிட்டைலாக்கியான நான் கருகிய இறைச்சியால் சாகப்போகிறேனா என்று கேட்டேன். சிறிய ஆய்வுகள் சிலவற்றில் அப்படி ஒரு கூட்டு விளைவு தென்பட்டது, பெரிய ஆய்வுகளில் அது உறுதியாக நிற்கவில்லை என்றீர்கள். ஆனால் மரபணு எதுவானாலும் நிற்கிற கணக்கு ஒன்று இருக்கிறது: பதப்படுத்திய இறைச்சி நாள்தோறும் 50 கிராம் கூடக் கூடப் பெருங்குடல் புற்றின் ஆபத்து ஏறத்தாழ 18 விழுக்காடு கூடுகிறது. பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2015இல் அதை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது உறுதி என்ற முதல் வகுப்பில் வைத்தது. சிவப்பிறைச்சியை அடுத்த படியில், அநேகமாக உண்டாக்கக்கூடியது என்று வைத்தது. "இதைத் தெரிந்துகொள்ள உங்கள் எச்சில் தேவைப்படவில்லை" என்றீர்கள். அந்த வாக்கியத்துக்குத் தனியாக ஒரு நன்றி.

எம்டிஎச்எஃப்ஆர் விஷயம் இதைவிட விசித்திரம். ஃபோலேட்டைக் கையாளும் நொதி அது. அதன் மெதுவான வடிவத்தை இரு பெற்றோரிடமிருந்தும் பெற்றவர்களுக்கு, உடலில் ஃபோலேட் போதுமாக இருந்தால் பெருங்குடல் புற்று குறைவாகவே வந்தது என்று அமெரிக்க ஆண் மருத்துவர்களிடம் நடத்திய ஆய்வு 1997இல் காட்டியது. மது அதிகமானாலோ ஃபோலேட் குறைந்தாலோ அந்த லாபம் கரைந்துவிட்டது. என் அறிக்கை 'பழுது' என்று அழைத்தது இதைத்தான்! நன்மையா தீமையா என்பதை மரபணு மட்டும் முடிவு செய்வதில்லை. தட்டில் இருப்பதும் கோப்பையில் இருப்பதும் சேர்ந்து முடிவு செய்கின்றன. அதற்காக மாத்திரை வாங்கவும் வேண்டாம் என்றீர்கள். அடினோமா எடுத்தவர்கள் ஆயிரத்துச் சொச்சம் பேருக்குத் தினம் 1 மில்லிகிராம் ஃபோலிக் அமிலமோ வெற்று மாத்திரையோ கொடுத்துப் பார்த்த ஆய்வின் முடிவு 2007இல் வந்தது. புதிய அடினோமாக்கள் குறையவில்லை. கீரையும் பயறும் வேறு, மாத்திரை வேறு. நான் வாங்கிய மூன்று டப்பாக்கள் குப்பைக்குப் போயின.

உண்மையிலேயே அஞ்ச வேண்டிய மரபணுக்கள் வேறு என்பதையும் நீங்கள்தான் பிரித்துக் காட்டினீர்கள். டிஎன்ஏவின் எழுத்துப் பிழைகளைத் திருத்தும் மரபணுக்களில் ஒன்று பிறப்பிலேயே கெட்டிருந்தால் அது லிஞ்ச் சின்ட்ரோம், குடும்பத்தில் வழிவழியாக வரும் புற்றுநோய் ஆபத்து. பெருங்குடல் புற்றுகளில் ஏறத்தாழ 3 விழுக்காடு அதனால் வருபவை. அண்ணனின் கட்டியில் அந்த மரபணுக்கள் உண்டாக்கும் நான்கு திருத்தப் புரதங்களும் இருக்கின்றனவா என்று சாயமேற்றிப் பார்த்த நோயியல் மருத்துவரை நாங்கள் யாரும் சந்தித்ததில்லை. நான்கும் இருந்தன. ஆகவே லிஞ்ச் இருக்க வாய்ப்புக் குறைவு. அவர் எழுதிய இரண்டு வரிகளை வாசித்த இரவுதான் அக்கா நன்றாகத் தூங்கினாள்.

இனி, முகம் தெரியாதவர்கள். சுவீடன், டென்மார்க், பின்லாந்து நாடுகளின் 44,788 இரட்டையர் ஜோடிகளே, வணக்கம். உங்களை வைத்து 2000ஆம் ஆண்டில் வெளிவந்த கணக்கின்படி, பெருங்குடல், மலக்குடல் புற்றில் மனிதருக்கு மனிதர் காணும் வேறுபாட்டில் சுமார் 35 விழுக்காடு பரம்பரையால் விளைவது. என் நோயில் 35 பங்கு என் அப்பாவால் வந்தது என்று இதற்குப் பொருள் இல்லை என்பதை ஆலோசகர் மூன்று முறை சொல்லிப் புரியவைத்தார். இரட்டையரில் ஒருவருக்கு நோய் வந்ததை மற்றவர் பார்த்துக்கொண்டிருந்த வீடுகள் அந்த எண்ணுக்குள் எத்தனை இருக்கும்!

2015இல் வெளியான ஆய்வு ஒன்றுக்காக, இரண்டு வாரம் தங்கள் உணவை மாற்றிக்கொண்ட 20 ஆப்பிரிக்க அமெரிக்கர்களுக்கும் 20 தென்னாப்பிரிக்கக் கிராமத்தவர்க்கும் என் வணக்கம். நார்ச்சத்து மிகுந்து கொழுப்பு குறைந்த உணவுக்கு மாறிய அமெரிக்கர்களின் குடலில், குடற்சுவரின் செல்களுக்கு உணவான பியூட்டிரேட் கூடியது, அழற்சியின் அடையாளங்கள் குறைந்தன. எதிர்த்திசையில் மாறியவர்களுக்கு எல்லாம் தலைகீழாக நடந்தது. இரண்டு வாரத்தில் அவர்களின் மரபணு மாறியிருக்க முடியாது. இதற்காக அவர்கள் கொலோனோஸ்கோப்பியை முன்னும் பின்னுமாக இருமுறை செய்துகொண்டார்கள். ஒருமுறை செய்துகொண்டவள் என்ற முறையில் எனக்கு அவர்கள்மீது அளவற்ற மரியாதை.

என் கணவருக்கு: ஒரு சொற்பொழிவும் இல்லாமல் இரவு உணவில் காய்கறியையும் முழுத் தானியத்தையும் கூட்டி, இறைச்சியை வாரத்துக்கு ஒரு நாளாக்கி, அதையும் கருகாமல் வேகவைத்துத் தருகிறீர்கள். நான் கவனிக்கவில்லை என்று நினைத்திருப்பீர்கள். கவனித்தேன்.

அக்கா, உன் பரிசோதனையில் எதுவும் இல்லை என்று வந்ததும் எனக்குத்தான் முதலில் சொன்னாய். நன்றி.

தம்பி, அண்ணனுக்கு நோய் தெரிந்த வயதில் பத்தைக் கழி, 39 வரும். அதற்கும் 40க்கும் எது முந்தியோ அந்த வயதில் கூடப்பிறந்தவர்கள் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும் என்பது பல மருத்துவ அமைப்புகளின் வழிகாட்டுதல். உனக்கு வரும் ஆவணியில் 39. இரண்டு முறை கேட்டேன், இரண்டு முறையும் பேச்சை மாற்றினாய். இந்த மடலில் உனக்கென்று ஒரு வரி காலியாக விட்டிருக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் தங்கை, நோயாளி, அக்கா