தமிழ்க் கோப்புப் பெயர்களையும் சோதித்த பிறகே வட்டுப் படிமத்தை ஏற்க வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய நூல்களையும் கல்வெட்டுப் படிகளையும் பதிவேடுகளையும் மின்வடிவாக்கி, அவற்றை ஐஎஸ்ஓ கோப்பாக, அதாவது ஒரு வட்டின் உள்ளடக்கம் முழுவதையும் ஒரே கோப்பில் அடக்கிய, டிஸ்க் இமேஜ் எனப்படும் வட்டுப் படிமமாக ஒப்படைக்கும் வழக்கம் இன்றும் இருந்து வருகிறது. அவற்றைப் பெற்றுக்கொள்பவர்கள், நான் அறிந்த வரையில், பக்கங்கள் தெளிவாகத் திறக்கின்றனவா என்று மட்டுமே பார்க்கிறார்கள். கோப்புகளுக்கு இட்ட தமிழ்ப் பெயர்கள் பிழையின்றி வந்து சேர்ந்தனவா என்று யாரும் சோதிப்பதில்லை. இதனால் நேரும் இழப்பைத் தங்கள் நாளிதழ் வழியாகச் சொல்ல விரும்புகிறேன்.

அண்மையில் ஒரு நிறுவனம் ஒப்படைத்த படிமத்தை விண்டோஸ் கணினியில் திறந்து பார்த்தேன். ஊர்ப் பெயரும் கோயில் பெயரும் இருக்க வேண்டிய இடத்தில் வரிசையாக அடிக்கோடுகளும், அவற்றின் இறுதியில் 000, 001, 002 என்ற எண்களும் மட்டுமே இருந்தன. உள்ளடக்கம் ஓர் எழுத்தும் கெடவில்லை. ஆனால் எது எந்த ஊர்க் கல்வெட்டு என்று அறிய ஒவ்வொரு கோப்பையும் திறந்து படிக்க வேண்டியதாயிற்று. அதே படிமம் அதைத் தயாரித்த லினக்ஸ் கணினியில் அழகாகத் தமிழில் தெரிந்ததால், தயாரித்தவர்கள் தங்கள் பக்கம் குறையில்லை என்றே உறுதியாகச் சொன்னார்கள்.

இது எப்படி நேர்கிறது என்றால், ஒரே படிமத்துக்குள் கோப்புப் பெயர்கள் மூன்று தனித்தனிப் பட்டியல்களாக இருக்க இடமுண்டு. 1988-இல் வந்த ஐஎஸ்ஓ 9660 தரத்தின் அடிப்படைப் பட்டியல் ஆங்கிலப் பெரிய எழுத்துகள், எண்கள், அடிக்கோடு ஆகியவற்றை மட்டுமே ஏற்கும். அதன் முதல் நிலையில் பெயருக்கு 8 எழுத்தும், புள்ளிக்குப் பின் கோப்பின் வகையைக் காட்டும் ஒட்டுக்கு 3 எழுத்தும்தான். யூனிக்ஸ் வகைக் கணினிகளுக்கான ராக் ரிட்ஜ் பட்டியல் பெயரை வெறும் பைட்டுகளாகச் சேமிக்கும்; அவை எந்தக் குறியாக்கத்தை, அதாவது எழுத்துகளை எண்களாக்கும் எந்த முறையைச் சேர்ந்தவை என்ற குறிப்பு அதில் இராது. மூன்றாவதான ஜோலியட், 1995-இல் மைக்ரோசாஃப்ட் வகுத்தது. உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் எண் தரும் பொதுத் தரமான யூனிகோடில் எழுதிய பெயர்களைத் தாங்குவது அதுவே. லினக்ஸ் முதலில் ராக் ரிட்ஜைத் தேடுகிறது. விண்டோஸ் அதைக் கண்டுகொள்வதே இல்லை. ஜோலியட் இருந்தால் அதைப் படிக்கிறது, இல்லாவிட்டால் அடிப்படைப் பட்டியலுக்கு இறங்கிவிடுகிறது. ஆகவே தயாரித்த கணினியிலேயே திறந்து பார்ப்பது மூன்றில் ஒன்றை மட்டும் பார்ப்பதாகும். அதைச் சோதனை என்று ஏற்க முடியாது.

ஜோலியட் சேர்ந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று எண்ணவும் இடமில்லை. அதில் ஒரு பெயருக்கு 64 குறியீடுகளே வரம்பு. தமிழில் புள்ளியும் கொம்பும் காலும் தனித்தனிக் குறியீடுகள் என்பதால், கண்ணுக்குச் சிறிதாகத் தெரியும் பெயரும் இந்த வரம்பை எளிதில் தொட்டுவிடும். ‘திருவண்ணாமலை அருணாசலேசுவரர் கோயில் கல்வெட்டுகள் முதல் தொகுதி’ என்ற பெயரை எடுத்துக்கொள்வோம். எழுத்துகள் 32, இடைவெளிகள் 5. குறியீடுகளாக எண்ணினால் இடைவெளிகளோடு 60; புள்ளியோடு கூடிய பிடிஎஃப் என்ற ஒட்டுக்கு 4 சேர்த்தால் மிகச் சரியாக 64. முதல் தொகுதி தப்பிவிடுகிறது. ‘இரண்டாம் தொகுதி’ என்று மாற்றினால் எண்ணிக்கை 67 ஆகிறது. அந்த இடத்தில் ஒரு கருவி பெயரை வெட்டிவிடும். மற்றொரு கருவி, வெட்டியபின் இரண்டு பெயர்கள் ஒன்றாகிவிட்டால், பிழைச் செய்தி தந்து வேலையை நிறுத்திவிடும். நிறுத்துவதே நல்லது என்பேன். ஓசையின்றி வெட்டப்பட்ட பெயரைப் பின்னாளில் எவராலும் மீட்க இயலாது. விதியைத் தளர்த்தி 103 குறியீடுகள் வரை விடும் விருப்பத்தேர்வு சில கருவிகளில் உண்டு. யூடிஎஃப் (UDF) என்ற வேறொரு வட்டுக் கோப்பு முறைமையில் தமிழுக்கு 127 வரை இடம் கிடைக்கும்.

அதே முதல் தொகுதி பழைய மேக் கணினியிலிருந்து வந்திருந்தால் அதுவும் தப்பாது. ஹெச்எஃப்எஸ் பிளஸ் கோப்பு முறைமை ‘கோ’, ‘தொ’ ஆகியவற்றின் உயிர்க்குறியைக் கொம்பும் காலுமாகப் பிரித்துச் சேமிப்பதால், திரையில் ஒரு மாற்றமும் இல்லாமலே அந்தப் பெயர் 66 குறியீடுகளாகிவிடுகிறது. நீளம் ஒருபுறமிருக்க, பிரித்து எழுதிய பெயரும் சேர்த்து எழுதிய பெயரும் லினக்ஸில் பொதுவாக இரு வேறு கோப்புகளாகவே கொள்ளப்படும். தேடினால் ஒன்று கிடைக்கும், மற்றது கிடைக்காது. ‘ஸ்ரீ’ இன்னும் சிக்கலானது. ஸகரத்தைக் கொண்டு எழுதுவது, 2005-இல் யூனிகோடில் சேர்ந்த ஶகரத்தைக் கொண்டு எழுதுவது என அதற்கு இரண்டு வழிகள் உள்ளன; பல எழுத்துருக்களில் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும், ஆனால் யூனிகோடு இவ்விரண்டையும் சமமாகக் கருதுவதில்லை. 2019-இல் யூனிகோடில் இடம்பெற்ற தமிழ்ப் பின்னக் குறிகளோ ஒரு குறியீட்டுக்கு ஜோலியட் ஒதுக்கும் 16 பிட் இடத்துக்கே அப்பாற்பட்டவை. அவற்றைக் கோப்புப் பெயரில் இடுவோர் மிகச் சிலரே என்றாலும், பழைய நிலக் கணக்குகளோடு பணியாற்றுவோர் கவனிக்க வேண்டும்.

கோப்பு மாறவில்லை என்று சரிபார்க்க உதவும் எண்ணான ஹேஷ் மதிப்பு ஒத்துப்போகிறதே என்று சிலர் சொல்லக்கூடும். கோப்பின் ஹேஷ் அதன் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடப்படுவது. பெயர் முழுவதும் அழிந்தாலும் அது இம்மியும் மாறாது.

ஆகவே, இத்தகைய பணிகளுக்கான ஒப்பந்தத்திலேயே பெயர்ச் சோதனையை ஒரு நிபந்தனையாகச் சேர்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். இதற்குப் பெரும் செலவு ஆகாது. மேலே சொன்ன ஒவ்வொரு வகைக்கும் ஒரு பெயர் வீதம் சிறு வெற்றுக் கோப்புகளை உருவாக்கி, ஒப்படைப்புக்குப் பயன்படுத்தப்போகும் அதே கருவியால் படிமமாக்கி, விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் திறந்து, பெயர்ப் பட்டியலை மூலத்தோடு கண்ணால் அல்லாமல் பைட் பைட்டாக ஒப்பிட வேண்டும். லினக்ஸில் ராக் ரிட்ஜை விலக்கச் சொல்லி இரண்டாம் முறையும் திறக்க வேண்டும். விண்டோஸ் ஏற்காத முக்காற்புள்ளி, கேள்விக்குறி, உடுக்குறி ஆகியவை கொண்ட பெயர்களும், புள்ளியில் முடியும் பெயர்களும் இந்தத் தொகுப்பில் கட்டாயம் இருக்க வேண்டும். மூலக் கோப்புப் பெயர்களின் முழுப் பட்டியலை யூனிகோடு உரைக்கோப்பாகப் படிமத்துக்குள்ளேயே ஆங்கிலப் பெயரில் வைத்துவிட்டால், எது கெட்டாலும் மீட்க ஒரு வழி இருக்கும்.

தமிழ் இணையக் கல்விக்கழகம் போன்ற பொது அமைப்பு ஒன்று இத்தகைய சோதனைப் பெயர்த் தொகுப்பை உருவாக்கி, எவரும் எடுத்துப் பயன்படுத்தும்படி வெளியிட்டால், சிறு நூலகங்கள்கூடத் தாமே சோதித்துக்கொள்ள இயலும். சோதனையில் தவறும் கருவிகளைப் பற்றி அவற்றை உருவாக்குவோருக்குச் சான்றோடு எழுதவும் அத்தொகுப்பே போதும்.

இப்படிக்கு,
ஆவணப் பாதுகாப்பில் ஈடுபாடுள்ள வாசகர்,
திருவண்ணாமலை.