கவிதை வகுப்பு பற்றிக் கேட்டாயே

அம்மாடி,

"கவிதையெல்லாம் யாராவது சொல்லிக்கொடுக்க முடியுமாப்பா?" என்று கேட்டுவிட்டு, பக்கத்தில் ஒரு சிரிப்புப் பொம்மையையும் போட்டிருந்தாய். போனில் பதில் சொன்னால் குறுக்கே பேசுவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

கவிதை வருமா வராதா என்பது வேறு. காதைப் பழக்க முடியும். நான் சேர்ந்திருக்கும் இணைய வகுப்பில் எங்களுக்கு முதலில் வைத்த பயிற்சியே குறள் வெண்பா, திருக்குறளின் அதே வடிவம். இரண்டு அடி, ஏழு சீர் (அடியை ஓசைக்காகப் பிரித்த துண்டுதான் சீர்), அவ்வளவுதான். காரிகை என்னும் யாப்பு இலக்கண நூலைக் கற்றுக் கவி பாடுவதைவிடப் பேரிகை கொட்டிப் பிழைப்பது மேல் என்று சும்மாவா சொன்னார்கள்! நான் எழுதியது இது:

கண்ணாடி தேடிக் களைத்தபின் கண்டேனே
எண்ணாத நெற்றியின் மேல்.

சிரிக்காதே. முதலில் 'தேடிச் சோர்ந்தபின்' என்றுதான் இருந்தது. 'தேடி' என்பது 'தேமா' என்ற வாய்பாட்டில் வரும் சீர், 'மா' என்று முடிவதால் மாச்சீர். வெண்பாவில் மாச்சீருக்குப் பின்னால் நிரையசை, அதாவது 'களைத்' போல இரண்டு உயிரோசை சேர்ந்த அசை வர வேண்டும். 'சோர்ந்' ஒரே உயிரோசை கொண்ட நேரசை. தளை, அதாவது சீரோடு சீர் சேரும் கட்டு, தட்டியது. 'களைத்தபின்' என்று மாற்றியதும் தளையும் சரியாகி, 'க' மூன்று சீரின் முதலெழுத்தாக, மோனையாக வந்து உட்கார்ந்தது. இலக்கணத்துக்காகத் தேடிய சொல், ஓசையையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டது.

அதன் பிறகு புதுக்கவிதை. தளை இல்லை, சீர்க்கணக்கு இல்லை. சுலபம் என்று நினைப்பாய். எங்கே வரியை உடைப்பது, எங்கே நிறுத்துவது என்று எந்த விதியும் கைகொடுக்காது. நான் அனுப்பியது:

ஓய்வு பெற்ற மறுநாள்
அலாரத்துக்கு முன்பே விழித்துக்கொண்டேன்.
வெறுமையின் பாரம் நெஞ்சை அழுத்தியது.

கவிதையை மற்றவர்கள் அலசும்போது எழுதியவர் வாய் திறக்கக்கூடாது என்பது வகுப்பு விதி. உன் அப்பாவுக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று உனக்குத் தெரியும். வகுப்பில் இரவுப் பணி பார்க்கும் ஒருவர் எழுதியிருந்தார்: "மூன்றாவது வரியை எடுத்துவிடுங்கள். இரண்டாவது வரியிலேயே பாரம் தெரிகிறது." மற்றவர்களும் அதையே சொன்னார்கள். எடுத்துவிட்டேன். ஆனாலும் அந்த வரி மேல் எனக்கு இன்னும் ஆசை போகவில்லை.

நேரம்தானே உன் அடுத்த கேள்வி? பாடமெல்லாம் பதிவு செய்தது, நள்ளிரவிலும் கேட்கலாம். நேரலைக்கு வர முடியாதவர்களுக்கு அதன் பதிவும் கிடைக்கும். ஆனால் எழுதியதை ஞாயிறு இரவுக்குள் ஏற்றிவிட வேண்டும், அதில் சலுகை கிடையாது. அந்தக் கெடு மட்டும் இல்லையென்றால் எங்களில் பாதிப் பேர் நாளைக்குப் பார்க்கலாம் என்றே இருந்திருப்போம், நான் உட்பட. நீ சேர்வதாக இருந்தால் இரண்டு விஷயம் பார்த்துக்கொள்: கெடு உண்டா, உன் வரிகளை மற்றவர்கள் படித்துக் கருத்துச் சொல்கிறார்களா? வெறும் வீடியோ பார்ப்பதற்குப் பணம் கட்டாதே.

இன்னொரு கவிதை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். வழக்கம்போல 'சூப்பர்ப்பா' வேண்டாம். எந்த வரியில் உன் கண் தாண்டிப் போனது என்று மட்டும் எழுது. சனிக்கிழமைக்குள் சொன்னால், திருத்த எனக்கு ஒரு நாள் இருக்கும்.

அப்பா