விக்கட் தாத்தாவுக்கு

அன்புள்ள ராமநாதா,

கடிதம் கிடைத்தது. கண்புரை எடுத்த பிறகு நான் படித்த முதல் கையெழுத்து உன்னுடையதுதான். அப்படியும் கோணலாகத்தான் தெரிகிறது. இனிமேல் என் கண்ணைக் குறை சொல்ல முடியாது.

பேத்தி பாஸ்டனிலிருந்து பேசும்போது "தாத்தா, யூ ஆர் விக்கட்" என்று ஆரம்பித்தாளாம், நீ பட்டென்று போனை வைத்துவிட்டாயாம். எழுபது வயதில் இது என்னடா கோபம்?

நாம் படித்த காலத்தில் அந்தச் சொல்லுக்குத் துஷ்டன், பாவி என்றுதான் பொருள். (கிரிக்கெட்டின் விக்கெட் வேறு. அது சின்ன வாசல் கதவைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது.) பழைய ஆங்கிலத்தில் மந்திரவாதிக்கு 'விச்சா' என்று பெயர், அதன் பெண்பால்தான் இன்றைய 'விட்ச்'. விக்கட்டும் அந்த வேரில் முளைத்ததாகத்தான் அகராதிக்காரர்கள் கருதுகிறார்கள். ஷேக்ஸ்பியரின் 'மக்பெத்' நாடகத்தில் மக்பெத் வரும்போது, என் கட்டைவிரல் குறுகுறுக்கிறது, ஏதோ விக்கட்டான ஒன்று இந்தப் பக்கம் வருகிறது என்கிறாள் ஒருத்தி. சொல்பவள் யார்? சூனியக்காரி! அவள் வாயாலேயே அந்தப் பட்டம் வாங்கினான் பார்.

அப்புறம் சொல் தலைகீழாகிவிட்டது. 'பிரமாதம்' என்ற பொருளில் 1920லேயே ஓர் அமெரிக்க நாவலில் வந்துவிட்டது. 1980களில் இங்கிலாந்துப் பிள்ளைகள் எதற்கெடுத்தாலும் விக்கட் என்றார்கள். நமக்கு இதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது? பயங்கரம் என்றால் பயத்தை உண்டாக்குவது. நாமோ "பயங்கரமா பாடினாள்" என்று மெச்சுகிறோம், "பயங்கரக் குளிர்" என்றும் சொல்கிறோம்.

இதில்தான் உன் வழக்கின் சூட்சுமம் இருக்கிறது. லண்டனில் விக்கட் என்று மொட்டையாகச் சொன்னாலே பாராட்டு. பாஸ்டன் பக்கம் பெரும்பாலும் அப்படி இல்லை. அங்கே அது நம் 'பயங்கர' மாதிரி இன்னொரு சொல்லுக்கு முன்னால் ஒட்டிக்கொள்ளும். விக்கட் கோல்ட் என்றால் பயங்கரக் குளிர், விக்கட் ஸ்மார்ட் என்றால் பயங்கரப் புத்திசாலி. அவள் அங்கே போய் நாலு வருஷம் ஆகிறது, ஊர்ப்பேச்சு ஒட்டியிருக்கும்.

ஆக, அவள் வாக்கியத்தை முடிக்கவே இல்லை. நீதான் நடுவில் போனை வைத்துவிட்டாய். அடுத்து வரவிருந்த சொல் புத்திசாலியா, பிடிவாதக்காரரா? எனக்கு ஓர் ஊகம் உண்டு, சொல்ல மாட்டேன். இன்றே கூப்பிட்டுக் கேள். பதிலை எனக்கும் எழுது, கொஞ்சம் நேரான கையெழுத்தில்.

உன்,
சுந்தரம்