எங்கள் மேயரை வீட்டுக்கு அனுப்புங்கள்

நோவி சாட், 1878 இலையுதிர்காலம்

ஹங்கேரியின் பிரதமர் மாண்புமிகு கால்மான் டிசா அவர்களுக்கு,

வணக்கம். ஸ்வெடோசார் மிலெடிச் யாரென்று தங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தங்கள் நாடாளுமன்றத்திலேயே தங்களை எதிர்த்துப் பேசியவர். தெற்கு ஹங்கேரியில் வாழும் செர்பியர்களான எங்களுக்குத் தலைவர், எங்கள் ஊருக்கு இரண்டு முறை மேயர். அவரை விடுதலை செய்யுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

துருக்கியரோடு செர்பியா போரில் இறங்கிய சில நாட்களில், 1876 ஜூலையில், அவரைக் கைது செய்தீர்கள். நாடாளுமன்ற உறுப்பினர் என்ற பாதுகாப்பு காகிதத்தோடு நின்றுவிட்டது. போருக்கு ஆள் திரட்டினார், ராஜத் துரோகம் என்றீர்கள். அவ்வளவு பெரிய குற்றமென்றால் உடனே விசாரித்திருக்கலாமே! தீர்ப்பு வரவே ஒன்றரை ஆண்டு. அதற்குப் பிறகு ஐந்தாண்டுத் தண்டனை.

அந்த ஒன்றரை ஆண்டுதான் எங்களுக்கு ஆறவில்லை. மோஷோரின் கிராமத்தில் பூட்ஸ் தைப்பவரின் மூத்த மகன் அவர். படித்து வக்கீலாகி, ஊராருக்கெல்லாம் வழக்காடியவர். தன் வழக்கு எப்போது வருமென்று தெரியாமல் கிடந்தார். 1866இல் அவர் தொடங்கிய ஸஸ்தாவா இதழ் வந்தால் காபிக் கடையில் ஒருவர் உரக்கப் படிப்பார். எழுத்தறியாதவர்கள் சுற்றி நின்று, “அந்த வரியை இன்னொரு தரம் படி” என்பார்கள். இன்றும் இதழ் வருகிறது, படிக்கிறோம். இன்னொரு தரம் படி என்று யாரும் கேட்பதில்லை.

ஒன்று மட்டும் புரியவில்லை. துருக்கியருக்கு எதிராக ஆள் சேர்த்தவர் துரோகி. இந்தக் கோடையில் நம் பேரரசர் ஃபிரான்ஸ் யோசேஃபின் படையே சாவா ஆற்றைக் கடந்து துருக்கியரின் போஸ்னியாவுக்குள் போயிற்று. அந்தத் தளபதிகளை எந்தச் சிறையில் வைத்திருக்கிறீர்கள்?

ஸ்லோவாக்கியர்களின் பண்பாட்டுச் சங்கமான மாடிட்சாவை 1875இல் மூடினீர்கள். நாட்டில் இருப்பது ஒரே அரசியல் தேசம், அது ஹங்கேரிய தேசம் என்கிறது 1868ஆம் ஆண்டுச் சட்டம். மிலெடிச் மேயரானதும் நகரசபையில் செர்பிய மொழியை அலுவல் மொழியாக்கினார். அதுவும் குற்றப் பட்டியலில் சேருமோ என்னவோ. 1849 ஜூனில் பெட்ரோவராடின் கோட்டையிலிருந்து ஹங்கேரியப் படை வீசிய குண்டுகள் எங்கள் ஊரின் பெரும்பகுதியை எரித்தன. திரும்பக் கட்டிக்கொண்டோம். யாரிடமும் நஷ்டஈடு கேட்டு இப்போது நான் எழுதவில்லை.

மன்னிக்கவும், கேட்க வந்ததை விட்டு எங்கோ போய்விட்டேன். பதவி கேட்கவில்லை, நிதி கேட்கவில்லை. 1870இலும் எழுதியதற்காக வாட்ஸ் சிறையில் ஓராண்டு இருந்துவிட்டு வந்தவர் அவர். இப்போது வயது 52. பேரரசரிடம் ஒரு வார்த்தை சொல்லி அவரை விடுவிக்கும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

டான்யூப் தங்கள் தலைநகர் வழியாகத்தான் எங்கள் ஊருக்கு வருகிறது. நீராவிக் கப்பல் கட்டணத்தை நாங்களே கட்டிவிடுகிறோம். அரசுக் கருவூலத்துக்கு ஒரு காசு செலவில்லை.

இப்படிக்கு,
நோவி சாட் நகரத்து வாக்காளன் ஒருவன்