நாட்காட்டியில் கடற்கரைக்கும் ஒரு வரி எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஏப்ரல் பிறந்தால் உங்கள் நாளிதழிலும் மற்ற பத்திரிகைகளிலும் கோடைச் சுற்றுலாப் பக்கங்கள் வந்துவிடுகின்றன. மாமல்லபுரம், புதுச்சேரி, ராமேஸ்வரம், கன்னியாகுமரி என்று எங்கே போகலாம், எப்படிப் போகலாம், என்ன சாப்பிடலாம் எல்லாம் அதில் இருக்கிறது. எந்த நாளில் போகக்கூடாது என்று மட்டும் யாரும் எழுதுவதில்லை. எழுதியிருந்தால் போன வருடம் மே மாதம் நாங்கள் பட்ட பாட்டைப் பட்டிருக்க மாட்டோம்.

மே மாதம் இரண்டாவது சனிக்கிழமை. நான், கணவர், இரண்டு பிள்ளைகள், மாமியார் என்று ஐந்து பேரும் கொளத்தூரிலிருந்து வாடகைக் காரில் மாமல்லபுரம் கிளம்பினோம். காலை எட்டு மணிக்குக் கிளம்பியவர்கள் போய்ச் சேரும்போது மணி பன்னிரண்டரை, கோவளம் தாண்டியதிலிருந்து வண்டி ஓடியதைவிட நின்றதுதான் அதிகம். போனில் ஒரு வாடகை சொன்ன லாட்ஜில் நேரில் போனதும் இரண்டு மடங்கு கேட்டார்கள். வேண்டாம் என்று திரும்பவும் முடியாது, அக்கம்பக்கத்தில் எங்கேயும் அறை இல்லை. சாயங்காலம் கடற்கரைக் கோயிலுக்குப் போகிற வழியில், சங்கும் சோழியும் விற்கிற கடைகளின் நெரிசலில், என் ஆறு வயது மகன் கையை விட்டுவிட்டான். இருபது நிமிடம் கழித்து, ஒரு பொம்மை வியாபாரி அவனைத் தள்ளுவண்டி மேலே உட்கார வைத்து "அம்மா தெரியுறாங்களா பாரு" என்று கேட்டுக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். அந்த மனிதருக்கு நன்றி சொல்லக்கூட அப்போது எனக்கு வாய் வரவில்லை. இந்தக் கடிதத்தில் சொல்லிக்கொள்கிறேன்.

ராத்திரி ஒரு ஓட்டலில் வஞ்சிரம் வறுவலுக்குச் சொன்ன விலையைக் கேட்டு என் மாமியார் சாம்பார் சாதம் போதும் என்றார். இதற்கும் காரணம் நாங்கள் போன நாள்தான் என்று பிறகுதான் உறைத்தது. நம் கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், மீன்கள் இனப்பெருக்கம் செய்யட்டும் என்று விசைப்படகுகள் கடலுக்குப் போகாமல் நிற்கின்றன. சின்ன நாட்டுப் படகுகள் கொண்டுவருவதுதான் மீன். அதாவது நாம் எல்லோரும் சேர்ந்து கடலுக்குப் போகிற இரண்டு மாதமும், கடலில் மீன் வரத்து குறைகிற இரண்டு மாதமும் ஒன்றாகவே இருக்கின்றன. வெயில் வேறு.

என் கணவர் ஒரு மருத்துவமனையில் லேப் டெக்னீஷியன். ஞாயிற்றுக்கிழமையும் டூட்டி இருக்கும், வார விடுமுறை புதன்கிழமை. இத்தனை வருடமாக இதை ஒரு குறையாகவே நினைத்து, அவருடைய விடுமுறையை எப்படியாவது சனி ஞாயிறுக்கு மாற்றித்தான் எங்கேயும் போவோம். மே மாத அனுபவத்துக்குப் பிறகு அதை விட்டுவிட்டோம். ஆடி மாதம் ஒரு செவ்வாய், புதன் இரண்டு நாள் பிள்ளைகளுக்குப் பள்ளியில் லீவு சொல்லிவிட்டு, சோழன் எக்ஸ்பிரஸில் மயிலாடுதுறை போய், அங்கிருந்து பஸ்ஸில் தரங்கம்பாடி போனோம். ஆடியில் முகூர்த்தம் கிடையாது. கல்யாணக் கூட்டம் இல்லாததால் லாட்ஜ்காரர் நாங்கள் கேட்டதற்கு மேலேயே வாடகையைக் குறைத்துக்கொடுத்தார், அதோடு மீன் தடையும் முடிந்து மார்க்கெட்டில் மீன் வந்திருந்தது.

அந்த இரண்டு நாளைப் பற்றி எழுதினால் கடிதம் நீண்டுவிடும், ஆனாலும் கொஞ்சம் சொல்கிறேன். டேனிஷ்காரர்கள் 1620-இல் கட்டிய கோட்டையின் மதில் மேல் காலையில் எங்கள் குடும்பமும் ஒரு பாட்டியும் பேத்தியும் தவிர யாரும் இல்லை. என் மகள் ஒவ்வொரு அறையாகப் போய் ஒவ்வொரு பலகையையும் வாய்விட்டு வாசித்தாள். பின்னால் யாரும் தள்ளவில்லை, "நகருங்க நகருங்க" என்று யாரும் சொல்லவில்லை. கோட்டைக்குப் பக்கத்திலேயே கடல் தின்றது போக மிச்சமிருக்கும் மாசிலாமணி நாதர் கோயில். என் மாமியார் அங்கே உட்கார்ந்து ஒரு மணி நேரம் கடலைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அறுபத்தெட்டு வயதில் அவருக்கு மூட்டுவலி, கூட்டத்தில் நிற்கவே முடியாது, மாமல்லபுரத்தில் பாதி நேரம் காரிலேயே இருந்தவர் அவர். ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பது உண்மைதான், மத்தியானம் மணல் பறந்து முகத்தில் அடித்தது. அந்த நேரத்தில் அறைக்குப் போய்த் தூங்கி எழுந்து ஐந்து மணிக்குத் திரும்பவும் வந்தோம், அவ்வளவுதான்.

இதைச் சொன்னால் உடனே கேட்கிறார்கள், பிள்ளைகளின் படிப்பு என்ன ஆவது என்று. பத்தாம் வகுப்பும் பன்னிரண்டாம் வகுப்பும் படிக்கிற பிள்ளையை லீவு போடச் சொல்ல மாட்டேன். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கு வருடத்தில் இரண்டு நாள் போனால் ஒன்றும் குடிமுழுகாது, ஆசிரியையிடம் முன்கூட்டியே சொல்லி, விட்ட பாடத்தை எழுத வைத்துவிட்டால் சரி. லீவே போட முடியாதவர்களுக்கும் வழி இருக்கிறது. நம் சென்னைக் கடல் கிழக்கே பார்த்த கடல், அதன் அழகு காலையில்தான், நாமோ எல்லோரும் சாயங்காலம் போய் சூரியனுக்கு முதுகைக் காட்டி நிற்கிறோம். மே மாதத்தில் ஐந்தே முக்காலுக்கெல்லாம் சூரியன் மேலே வந்துவிடும். ஞாயிற்றுக்கிழமையே ஆனாலும் ஐந்தரைக்கு மெரினாவில் இருந்து பாருங்கள், நடைப்பயிற்சிக்காரர்களும், நொச்சிக்குப்பத்தில் வலை பிரிக்கிறவர்களும், நீங்களும்தான். எட்டு மணிக்கு இட்லி சாப்பிட்டுவிட்டு வீடு வந்துவிடலாம்.

இன்னொன்று, கூட்டத்தை வெறும் அசௌகரியம் என்று மட்டும் நினைக்காதீர்கள். 2024 அக்டோபர் 6 அன்று மெரினாவில் விமானப்படையின் சாகச நிகழ்ச்சி பார்க்க வந்த கூட்டத்தில், அந்த வெயிலில், ஐந்து பேர் இறந்துபோனார்கள். காணும் பொங்கலன்று காவல்துறையினர் குழந்தைகளின் கையில் பெற்றோரின் போன் நம்பர் எழுதிய பட்டையைக் கட்டிவிடுகிறார்கள், கடலில் இறங்க முடியாதபடி கட்டை கட்டித் தடுக்கிறார்கள். அவர்கள் செய்வது நல்ல காரியம். ஆனால் கடலில் கால் நனைக்கக்கூட முடியாத ஒரு நாளில்தான் ஊரே கடலுக்குப் போகிறது என்பதை நினைத்தால் மனசு கேட்கவில்லை.

அதற்காகக் கூட்டம் இல்லாத கடல் ஆபத்தில்லாத கடல் என்று நினைத்துவிடக் கூடாது. இதை அழுத்திச் சொல்கிறேன். வார நாளில் ஆளில்லாத கரையில் அலை இழுத்தால் காப்பாற்ற ஆள் இருக்காது. இரண்டு பக்கமும் அலை நுரைத்து உடையும்போது நடுவில் ஓர் இடம் மட்டும் அமைதியாக, கொஞ்சம் கருத்துத் தெரியும். பிள்ளைகள் அதைத்தான் நல்ல இடம் என்று ஓடுவார்கள், அங்கேதான் தண்ணீர் கடலுக்குள் இழுத்துக்கொண்டு போகும். மாட்டிக்கொண்டால் கரையை நோக்கி எதிர்த்து நீந்தாமல், கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி வெளியே வர வேண்டும். எங்கள் வீட்டில் கணுக்காலுக்கு மேல் தண்ணீர் கிடையாது.

எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் ஒரு கேள்வி கேட்டார், எல்லோரும் நீங்கள் சொல்கிற நாளுக்கு வந்துவிட்டால் அங்கேயும் கூட்டம்தானே என்று. எல்லோரும் வர முடியாது, பாதிப் பேருக்கு அப்படி லீவு கிடைக்காது. ஆனால் என் கணவரைப் போல வார நாளில் விடுமுறை உள்ளவர்கள் இந்த ஊரில் எத்தனை பேர்! மருத்துவமனை, ஓட்டல், கடை, ஐடி ஷிப்ட், ஓய்வு பெற்றவர்கள், பள்ளிக்குப் போகாத குழந்தை இருக்கிற வீடுகள். இவர்கள் மட்டும் மாறிப் போனாலே ஞாயிற்றுக்கிழமைக்கு மூச்சு விட இடம் கிடைக்கும். பெசன்ட் நகரில் சுண்டல் விற்கிற ஓர் அம்மா என்னிடம் சொன்னார், ஞாயிற்றுக்கிழமை ஏழு மணிக்கே தூக்கு காலியாகிவிடுகிறதாம், அதற்கு மேல் ஆள் இருந்தும் சரக்கு இல்லை, திங்கள் முதல் வியாழன் வரை செய்த சுண்டலைத் திருப்பிக் கொண்டுபோகிறாராம். ஒரே நாளில் ஊரே திரண்டு வருவதால் அவருக்கும் லாபம் இல்லை.

இப்போது என் கோரிக்கைக்கு வருகிறேன். உங்கள் நாளிதழில் தினமும் ராகு காலம், எமகண்டம், சூலம், சந்திராஷ்டமம் எல்லாம் போடுகிறீர்கள், நாங்களும் பார்க்கிறோம். அதன் பக்கத்தில், வேண்டுமானால் வாரத்துக்கு ஒரு முறை, கடற்கரை ஊர்களுக்கும் ஒரு வரி போடுங்கள். இதற்குப் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை, எல்லாம் ஏற்கெனவே நம் பஞ்சாங்கத்திலும் பள்ளி நாட்காட்டியிலும் இருப்பதுதான். ஆடி அமாவாசையும் தை அமாவாசையும் என்றால் ராமேஸ்வரத்தில் தர்ப்பணக் கூட்டம். வைகாசி விசாகம், கந்த சஷ்டி என்றால் திருச்செந்தூரில் நிற்க இடம் இருக்காது. ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரை வேளாங்கண்ணித் திருவிழா. கார்த்திகை, மார்கழியில் சபரிமலைக்குப் போகிற சாமிமார்கள் அப்படியே கன்னியாகுமரிக்கும் வருகிறார்கள். புதுச்சேரிக்கு எந்த சனி ஞாயிறும் கூட்டம், டிசம்பர் 31 கேட்கவே வேண்டாம், ஆனால் அதே புதுச்சேரியில் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் வண்டிப் போக்குவரத்தை நிறுத்திய கடற்கரைச் சாலையில் கைவீசி நடக்கலாம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழை, புயல், அப்போது வானிலை அறிவிப்பைப் பார்க்காமல் கிளம்பவே கூடாது. கன்னியாகுமரிக்கு ஜூன், ஜூலையில் போகிறவர்கள், கடல் சீற்றமாக இருந்தால் விவேகானந்தர் பாறைக்குப் படகு விட மாட்டார்கள் என்பதைத் தெரிந்துகொண்டு போக வேண்டும். ரயில் முன்பதிவும் 2024 நவம்பரிலிருந்து 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது, பழைய 120 நாள் கணக்கில் இருப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள், அதையும் அந்த வரியிலேயே ஞாபகப்படுத்தலாம்.

எல்லாவற்றையும் விட நல்ல காலம் எது என்று கேட்டால், பொங்கல் முடிந்ததிலிருந்து மார்ச் நடு வரை என்பேன். மழை போய்விட்டது, வெயில் இன்னும் ஏறவில்லை, ஊரே பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருக்கிறது. பங்குனி ஆமைகள் நம் சென்னைக் கரையிலேயே முட்டையிட வருவதும் அந்த மாதங்களில்தான். நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை ராத்திரி முழுக்க நடந்து, முட்டைகளைப் பத்திரமாக எடுத்துப் பொரிப்பகத்தில் வைக்கிற இளைஞர்கள் இருக்கிறார்கள். வருகிற பிப்ரவரியில் நானும் மகளும் அவர்களோடு நடப்பதாக இருக்கிறோம். மார்ச்சில் குஞ்சுகளைக் கடலில் விடும்போது மாமியாரையும் அழைத்துப் போக வேண்டும், இப்போதே கேட்டுக்கொண்டிருக்கிறார்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கொளத்தூர், சென்னை - 99